பிழையில்லாத விமானப் பயணக் குறிப்பேடு

1522-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். ஆப்பிரிக்காவின் மேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள கேப் வெர்டே தீவுகளை ஒரு பழுதடைந்த கப்பல் வந்தடைந்தது. அதன் பெயர் 'விக்டோரியா'. 1519-இல் மெகல்லன் தலைமையில் ஸ்பெயினிலிருந்து புறப்பட்ட ஐந்து கப்பல்களில், உலகைச் சுற்றித் திரும்பியது இது ஒன்றுதான். மெகல்லன் வழியிலேயே, 1521-இல், பிலிப்பைன்ஸ் தீவுகளில் நடந்த சண்டையில் மாண்டு போனார்.

அக்கப்பலில் அந்தோனியோ பிகஃபெட்டா என்ற இத்தாலியர் இருந்தார். பயணம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் குறிப்பு எழுதி வந்தவர் அவர். அவருடைய கணக்கின்படி அன்று புதன்கிழமை. ஆனால் உணவு வாங்கக் கரைக்குச் சென்றவர்கள் ஒரு வியப்பான செய்தியோடு திரும்பினார்கள். தீவில் உள்ளவர்களுக்கு அன்று வியாழக்கிழமையாம்!

ஒரு நாள் எங்கே போயிற்று? குறிப்பெழுதியவர் உறங்கிவிட்டாரா? இல்லை. தம் கணக்கில் பிழை இல்லை என்பதில் பிகஃபெட்டா உறுதியாக இருந்தார். விடை பிறகு புலப்பட்டது. கப்பல் மேற்கு நோக்கியே சென்றது. அதாவது சூரியன் செல்லும் திசையிலேயே சென்றது. பூமியை ஒரு முறை முழுதும் அவ்வாறு சுற்றியதால், கரையில் இருந்தவர்கள் கண்டதைவிட ஒரு சூரிய உதயத்தைக் கப்பலில் இருந்தவர்கள் குறைவாகக் கண்டார்கள். குறிப்பேடும் சரி, தீவின் நாட்காட்டியும் சரி.

மாணவ நண்பர்களே, பிகஃபெட்டாவுக்கு மூன்று ஆண்டுகளில் நேர்ந்த இந்தச் சிக்கல் இன்று விமானப் பயணிக்கு ஒரே இரவில் நேர்ந்துவிடுகிறது. விமானத்தில் செல்லும் பலர் தம் பயணங்களைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உடையவர்கள். எங்கிருந்து எங்கே, எந்த நாள், எவ்வளவு நேரம், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுவது எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் அதைப் பிழையின்றி எழுத வேண்டுமானால் புவியியல், கணிதம், இயற்பியல் மூன்றும் கை கொடுக்க வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

எந்த ஊர்க் கடிகாரம்?

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் டோக்கியோவுக்கு அருகிலுள்ள நரிட்டா விமான நிலையத்திலிருந்து, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு ஒருவர் செல்கிறார். ஜனவரி 10-ஆம் நாள் மாலை 5 மணிக்கு விமானம் புறப்படுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் போய் இறங்கியதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதே ஜனவரி 10-ஆம் நாள் காலை 10 மணி! புறப்படுவதற்கு ஏழு மணி நேரம் முன்னதாகவே அவர் வந்து சேர்ந்துவிட்டாரா?

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. ஜனவரி 20-ஆம் நாள் நண்பகல் 12 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிளம்பி, 21-ஆம் நாள் மாலை 5 மணிக்கு நரிட்டாவில் இறங்குகிறார். இரண்டு கடிகாரங்களையும் நம்பிக் கழித்தால் 29 மணி நேரப் பயணம் என்று வரும். இதுவும் தவறு.

இக்குழப்பத்தைத் தீர்க்க ஒரே வழி, எல்லா நேரங்களையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றுவதுதான். உலகெங்கும் விமானிகளும் வானிலை அறிஞர்களும் இதற்காக 'ஒருங்கிணைந்த உலக நேரம்' என்பதைப் பயன்படுத்துகிறார்கள். இங்கிலாந்தின் கிரீன்விச் வழியாகச் செல்லும் தீர்க்கரேகையை ஒட்டிய நேரம் இது. ஜப்பான் நேரம் இதைவிட 9 மணி முன்னால் உள்ளது. லாஸ் ஏஞ்சல்ஸ் நேரம் குளிர்காலத்தில் 8 மணி பின்னால் உள்ளது.

இப்போது கணக்கிடுங்கள். நரிட்டாவில் மாலை 5 மணி என்பது 17.00. அதில் 9 போக, உலக நேரம் 8.00. லாஸ் ஏஞ்சல்ஸில் காலை 10.00 என்பதோடு 8 கூட்ட, உலக நேரம் 18.00. ஆகவே பயண நேரம் 10 மணி. திரும்பும் பயணத்துக்கும் இவ்வாறே செய்தால் 12 மணி என்று கிடைக்கும். புதிர் தீர்ந்தது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, சில நாடுகளில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தி வைப்பார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கோடையில் 8 மணி அன்று, 7 மணிதான் பின்னால் இருக்கும். ஜப்பானிலும் நம் நாட்டிலும் இவ்வழக்கம் இல்லை. இரண்டாவது, நேர வேறுபாடு எல்லா இடத்திலும் முழு மணியாக இராது. இந்தியாவுக்கு 5 மணி 30 நிமிடம்; நேபாளத்துக்கு 5 மணி 45 நிமிடம்.

நாள் மாறும் கோடு பெரிய பொறிகளையும் ஏமாற்றியதுண்டு. 2007 பிப்ரவரியில் அமெரிக்க விமானப் படையின் எஃப்-22 போர் விமானங்கள் சில, ஹவாய்த் தீவிலிருந்து ஜப்பானின் ஒக்கினாவாவுக்குச் சென்றன. பன்னாட்டுத் தேதிக்கோட்டைக் கடந்ததும் அவற்றின் வழிகாட்டும் கணிப்பொறிகள் செயலிழந்தன. உடன் வந்த எரிபொருள் விமானங்களைப் பின்பற்றி அவை ஹவாய்க்கே திரும்ப வேண்டியதாயிற்று. கணிப்பொறிக்கான ஆணைகளில் இருந்த பிழை பிறகு திருத்தப்பட்டது. தேதிக்கோடும் நிலையானது அன்று. 2011-இல் சமோவா நாடு கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறியது. அதனால் அந்நாட்டில் 2011 டிசம்பர் 30-ஆம் நாள் என்று ஒன்று இல்லவே இல்லை. அன்று சமோவாவில் இறங்கியதாக ஒருவர் எழுதியிருந்தால், அதை ஐயமின்றிப் பிழை என்று சொல்லிவிடலாம்.

நள்ளிரவிலும் கவனம் வேண்டும். '9-ஆம் தேதி இரவு 12.30 மணி விமானம்' என்று பேச்சில் சொல்வோம். உண்மையில் அது 10-ஆம் தேதி 0.30 மணி. 24 மணிக் கணக்கில் எழுதினால் இத்தொல்லை இல்லை. தேதியை 3-4 என்று எழுதினால் சிலர் ஏப்ரல் 3 என்பார்கள். சிலர் மார்ச் 4 என்பார்கள். மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுவதே நன்று.

பறந்த நேரம் எது?

பயண நேரம் 10 மணி என்று கண்டோம். ஆனால் அந்த 10 மணியும் விமானம் பறந்துகொண்டிருந்ததா? இல்லை.

ஒவ்வொரு பயணத்திலும் நான்கு கணங்கள் உள்ளன. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது ஒன்று. ஓடுபாதையிலிருந்து மேலெழுவது இரண்டு. தரையைத் தொடுவது மூன்று. வந்து நிலையாக நிற்பது நான்கு. விமான நிறுவனத்தின் கால அட்டவணை சொல்வது முதல் கணத்தையும் நான்காம் கணத்தையும்தான். விமானிகள் தம் பதிவேட்டில் 'பறப்பு நேரம்' என்று எழுதுவதும் இதையே. புறப்படும் நோக்கத்தோடு விமானம் முதலில் நகர்ந்தது முதல், இறுதியாக நின்றது வரை உள்ள நேரம் அது. விமானியின் உரிமத்துக்கு வேண்டிய மணிக்கணக்கும் இவ்வாறே கூட்டப்படுகிறது. ஆனால் இயற்பியல் மாணவனுக்கு வேண்டியது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே உள்ள நேரம். அதாவது காற்றில் இருந்த நேரம்.

நம் எடுத்துக்காட்டில் விமானம் 17.00-க்கு நகர்ந்து, ஓடுபாதைவரை ஊர்ந்து, 17.20-க்கு மேலெழுந்தது என்போம். அங்கே 9.50-க்குத் தரை தொட்டு 10.00-க்கு நின்றது. ஆகவே காற்றில் இருந்தது 9 மணி 30 நிமிடம். திரும்பும் பயணத்தில் இதுபோல் அரை மணியைக் கழித்தால் 11 மணி 30 நிமிடம்.

குறிப்பேட்டில் எந்த நேரத்தை எழுதினாலும் சரி. ஆனால் எது என்று சொல்லி எழுத வேண்டும். ஒரு பயணத்துக்கு ஒன்றும், அடுத்ததற்கு வேறொன்றுமாக எழுதினால், இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

தூரம் எவ்வளவு?

விமானம் சென்ற தூரத்தை நாம் அளக்க முடியாது. ஆனால் இரண்டு ஊர்களுக்கும் இடையே பூமியின் மேற்பரப்பில் உள்ள மிகக் குறுகிய தூரத்தைக் கணக்கிட முடியும். உருண்டையின் மையத்தை மையமாகக் கொண்டு அதன் மீது வரையும் வட்டத்துக்குப் 'பெருவட்டம்' என்று பெயர். இரு ஊர்களையும் தொட்டுச் செல்லும் பெருவட்டத்தின் சிறிய வில்லே குறுகிய வழி.

இரு ஊர்களின் அட்சரேகைகளை அ1, அ2 என்றும், தீர்க்கரேகைகளின் வேறுபாட்டைத் தீ என்றும் கொள்வோம். பூமியின் மையத்தில் இரு ஊர்களும் தாங்கும் கோணம் கோ எனில்,

கொசைன் கோ = (சைன் அ1 × சைன் அ2) + (கொசைன் அ1 × கொசைன் அ2 × கொசைன் தீ)

நரிட்டாவின் அட்சரேகை வடக்கு 35.77 பாகை, தீர்க்கரேகை கிழக்கு 140.39 பாகை. லாஸ் ஏஞ்சல்ஸ் நிலையம் வடக்கு 33.94, மேற்கு 118.41. பசிபிக் கடல் வழியாக அளந்தால் தீர்க்கரேகை வேறுபாடு 360-லிருந்து 140.39-ஐயும் 118.41-ஐயும் கழித்தது, அதாவது 101.20 பாகை. அட்டவணையைப் பார்த்துப் பெருக்கினால் முதல் பகுதி 0.3264, இரண்டாம் பகுதி கழித்தல் 0.1307. கூட்டினால் 0.1957. இதைக் கொசைனாக உடைய கோணம் 78.7 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை ஏறத்தாழ 111.2 கி.மீ. எனவே தூரம் சுமார் 8,750 கி.மீ.

இரு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில்தானே உள்ளன, அதை ஒட்டியே நேராகப் போனால் என்ன என்று கேட்கலாம். அப்படிப் போனால் 9,200 கி.மீ.க்கு மேல் ஆகிவிடும். பெருவட்ட வழி வடக்கே வளைந்து போவதுபோல் படத்தில் தோன்றும். ஆனால் உருண்டையின் மேல் ஒரு நூலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது அந்த வழியில்தான் படியும்.

இக்கணக்கில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. நிலப்படப் புத்தகங்களில் நரிட்டாவின் அட்சரேகை 35 பாகை 46 கலை என்று இருக்கும். அதை 35.46 என்று எழுதிவிடுவார்கள். ஒரு பாகைக்கு 60 கலை. எனவே 46 கலை என்பது 0.77 பாகை. இந்தச் சிறு தவறு நரிட்டாவைத் தெற்கே 34 கி.மீ. தள்ளிவிடும்!

பூமி முழு உருண்டை அன்று. துருவங்களில் சற்றுத் தட்டையானது. ஆகையால் நம் விடையில் அரை விழுக்காடு வரை பிழை இருக்கலாம். ஆகவே 8,753.42 கி.மீ. என்றெல்லாம் எழுதுவது வீண். 8,750 என்பதே நேர்மையான விடை. மைல் என்று எழுதுவதானால் எந்த மைல் என்றும் சொல்ல வேண்டும். தரை மைல் 1.609 கி.மீ.; கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகள் பயன்படுத்துவது கடல் மைலை.

குறிப்பேட்டில் தெரியும் காற்று

இதுவரை கிடைத்த எண்களைக் கொண்டு ஒரு சோதனை செய்வோம். போகும்போது 8,750 கி.மீ. தூரம் 9.5 மணியில், வேகம் மணிக்கு ஏறத்தாழ 920 கி.மீ. திரும்பும்போது அதே தூரம் 11.5 மணியில், வேகம் சுமார் 760 கி.மீ. ஒரே வகை விமானம், ஒரே தூரம். ஏன் இந்த வேறுபாடு?

காற்றுதான் காரணம். நடு அட்சரேகைகளில், சுமார் 10 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக மிக வேகமான காற்றோட்டம் வீசுகிறது. போகும்போது அது விமானத்தை முன்னே தள்ளியது. வரும்போது எதிர்த்து நின்றது. இரு வேகங்களின் வேறுபாட்டில் பாதி, அதாவது 80 கி.மீ., அவ்வழியில் காற்று சராசரியாகத் தந்த உதவி அல்லது தடை என்று தோராயமாகக் கொள்ளலாம். 1920-களில் ஜப்பானிய வானிலை அறிஞர் ஓயிஷி வசாபுரோ, தடேனோ என்ற இடத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றோட்டத்தைக் கண்டறிந்தார். அவர் தம் முடிவுகளை எசுபெராண்டோ மொழியில் வெளியிட்டதால் மற்ற நாட்டார் பலர் அதைக் கவனிக்கவில்லை. பலூன் இல்லாமலே ஒரு பயணி தம் குறிப்பேட்டில் அக்காற்றின் அடையாளத்தைக் காணலாம். ஆனால் சுவர்க் கடிகாரத்தை மட்டும் நம்பி 29 மணி என்று எழுதியவருக்கு அது கிட்டாது.

பெயர்கள் ஏமாற்றும்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்று எழுத்துக் குறி ஒன்று உண்டு. குறியை மட்டும் எழுதினால் போதும் என்று எண்ண வேண்டாம். குறி அப்படியே இருக்க, நிலையம் இடம் மாறிவிடுவதுண்டு. ஹாங்காங்கில் 1998 ஜூலை 6-ஆம் நாள் பழைய கை டாக் நிலையம் மூடப்பட்டு, ஏறத்தாழ 30 கி.மீ. தள்ளிப் புதிய நிலையம் திறக்கப்பட்டது. குறி மாறவில்லை. ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் 2008-இல் இவ்வாறே நடந்தது. பாங்காக்கில் 2006 செப்டம்பரில் பழைய டான் முவாங் நிலையத்தின் குறி புதிய சுவர்ணபூமி நிலையத்துக்குப் போயிற்று. டான் முவாங் பிறகு வேறு குறி பெற்றது. 2000-இல் பாங்காக் சென்றவரின் பயணத்தை இன்றைய பட்டியலைப் பார்த்துக் கணக்கிட்டால், அவர் கண்டிராத நிலையத்தில் அவரை இறக்கிவிடுவோம்.

விமான எண்ணும் இப்படித்தான். அது விமானத்தின் பெயர் அன்று, பயணத்தின் பெயர். ஒரே எண் நாள்தோறும் வெவ்வேறு விமானங்களுக்கு வரும். ஒரே விமானத்தில் இரண்டு, மூன்று நிறுவனங்கள் தத்தம் எண்ணில் டிக்கெட் விற்பதும் உண்டு. ஒரே எண்ணோடு இடையில் ஓர் ஊரில் இறங்கி மீண்டும் ஏறினால், குறிப்பேட்டில் அவை இரண்டு பயணங்கள். எந்த விமானம் என்று அறிய வேண்டுமானால், அதன் உடற்பகுதியில் எழுதியுள்ள பதிவெண்ணைப் பார்க்க வேண்டும். இந்திய விமானங்களின் பதிவெண் 'வி.டி.' என்று தொடங்கும். விமானம் வேறு நாட்டுக்கு விற்கப்பட்டால் பதிவெண்ணும் மாறும். தொழிற்சாலையில் தந்த வரிசை எண் மட்டும் மாறாது.

வழியில் வானிலை கெட்டு விமானம் வேறு ஊரில் இறங்கினால், அந்த ஊரையே எழுத வேண்டும். டிக்கெட்டில் இருப்பது திட்டம். குறிப்பேட்டில் இருக்க வேண்டியது நடந்தது.

இவ்வளவு கவனம் எதற்கு?

இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று தோன்றலாம். 2003 மார்ச் 15-ஆம் நாள் ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங்குக்கு ஒரு விமானம் சென்றது. மூன்று மணி நேரப் பயணம். விமானத்தில் 120 பேர். அவர்களில் ஒருவருக்கு அப்போது பரவிக்கொண்டிருந்த சார்ஸ் என்னும் மூச்சு நோய் இருந்தது. அவரோடு சென்றவர்களில் 22 பேரைப் பிறகு அந்நோய் பற்றியது. ஆராய்ச்சியாளர்கள் பயணிகளைத் தேடிப் பிடித்து, யார் எங்கே அமர்ந்திருந்தார் என்று பட்டியலிட்டார்கள். நோயாளிக்கு முன் மூன்று வரிசைகளில் இருந்த 23 பேரில் 8 பேருக்கு நோய் கண்டது. பிற இடங்களில் இருந்த 88 பேரில் 10 பேருக்குக் கண்டது. அருகில் இருந்தவர்களுக்கு ஆபத்து மிகுதி. ஆனால் தொலைவில் இருந்தவர்களும் தப்பவில்லை. இருக்கை விவரம் சரியாகக் கிடைத்ததால்தான் இந்த உண்மை வெளிப்பட்டது. அனுமதிச் சீட்டில் ஓர் எண்ணும், அமர்ந்தது வேறிடமும் ஆனால், அமர்ந்த இடத்தையே எழுதிக்கொள்ள வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இன்னொன்று. உயரே செல்லச் செல்ல, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைத் தடுக்கும் காற்றுப் போர்வை மெலிகிறது. பயண விமானத்தின் உயரத்தில் இக்கதிர்வீச்சு தரையில் உள்ளதைப்போலப் பல பத்து மடங்கு. எப்போதாவது செல்லும் பயணி இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஆண்டு முழுதும் பறக்கும் பணியாளர்களின் நிலை வேறு. ஜெட் விமானங்களில் பணிபுரிவோர் பெறும் கதிர்வீச்சையும் தொழில் சார்ந்த கதிர்வீச்சாகக் கொள்ள வேண்டும் என்று பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு தன் 1990-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் கூறியது. அதைக் கணக்கிட வேண்டியவை எவை? பறந்த நேரம், உயரம், வழி, நாள். குறிப்பேட்டில் பிழை இருந்தால் கணக்கிலும் பிழை வரும்.

எழுதும் முறை

குறிப்பேட்டில் ஒரு பயணத்துக்கு ஒரு வரி போதும். நாள், புறப்பட்ட நிலையம், இறங்கிய நிலையம், நான்கு நேரங்கள், ஒவ்வொன்றும் எந்த ஊர் நேரம் என்பது, விமான எண், பதிவெண், விமான வகை, இருக்கை, கணக்கிட்ட தூரம் என்று கட்டங்கள் போட்டுக்கொள்ளலாம். கடைசியில் ஒரு சிறு கட்டம் விடுங்கள். அதில் 'அ' என்று எழுதினால், அன்றே பார்த்து எழுதியது. 'ஆ' என்றால் டிக்கெட் போன்ற சான்றைப் பார்த்து எழுதியது. 'இ' என்றால் நினைவிலிருந்து எழுதியது.

பழைய பயணங்களை நிரப்பும்போது இக்கட்டத்தின் அருமை தெரியும். பாஸ்போர்ட்டில் உள்ள வருகை முத்திரை இறங்கிய நாளைக் காட்டும். புறப்பட்ட நாளைக் காட்டாது. டிக்கெட் குறித்த நேரத்தைக் காட்டும். உண்மையில் கிளம்பிய நேரத்தைக் காட்டாது. தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஊகித்து எழுதிய எண் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் உண்மை எண்ணைப் போலவே தோன்றும். எழுதியவராலேயே பிரித்தறிய முடியாது. தவறாக எழுதியதை அழிக்க வேண்டாம். படிக்கும்படியாக ஒரு கோடு மட்டும் இட்டு, பக்கத்தில் திருத்தத்தையும் திருத்திய நாளையும் எழுதுங்கள். ஆய்வுக்கூடங்களில் இதுவே வழக்கம்.

விமானத்தில் செல்லும் வாய்ப்பு நம்மில் எல்லாருக்கும் இப்போதே கிட்டிவிடாது. அதனால் குறையில்லை. பள்ளிக்குச் செல்லும் பேருந்து எப்போது நகர்ந்தது, எப்போது நின்றது, எந்த வழியாகச் சென்றது என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். திங்கட்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும், மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் உள்ள வேறுபாடு தானே தெரியும்.

பிகஃபெட்டா நடுவில் இரண்டு நாள் எழுதாமல் விட்டிருந்தால், கேப் வெர்டேயில் என்ன சொல்லியிருப்பார்கள்? "எங்கோ ஒரு நாளை எண்ண மறந்துவிட்டோம்" என்று சொல்லிவிட்டு, அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். அவர் ஒரு நாளும் விடாமல் எழுதியிருந்தார். அதனால்தான் பிழை தம்மிடம் இல்லை, வேறு காரணம் இருக்க வேண்டும் என்று அவரால் துணிந்து கேட்க முடிந்தது.